ஃபார்மேஷன் ஸ்கைடைவிங்: சேர்ந்து பறக்க வருகிறவர்களுக்கு, பிரியக் கற்பதிலிருந்து தொடங்கி

13,000 அடியில் விமானக் கதவைத் தாண்டியதும் உங்கள் கையில் இருப்பது ஏறத்தாழ ஒரு நிமிடம். முதல் பத்துப் பன்னிரண்டு வினாடிகளில் உடல் மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தை எட்டிவிடும். அதன் பிறகு விழுகிற உணர்வே இருக்காது, காற்று கீழிருந்து தாங்கிக்கொள்ளும். தனியாகக் குதிக்கும்போது அந்த வேகம் புரிவதில்லை, ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் எதுவுமே கிடையாது. எதிரே இன்னொருவர் அதே வேகத்தில் விழுந்துகொண்டிருந்தால் எல்லாம் மாறிவிடும். அவர் அசையாமல் மிதப்பதுபோல் இருப்பார். நீங்கள் கால்களைச் சற்றே நீட்டினால் அவரை நோக்கி மெல்ல நகர்வீர்கள். முகத்தில் இருக்கும் சிரிப்பு தெரிகிற அளவுக்கு நெருங்கி, கையை நீட்டி, அவர் கையைப் பிடிக்கிறீர்கள். வானத்தின் நடுவில் ஒரு மனிதரைத் தொடுகிற அந்தக் கணத்துக்காகத்தான் பலர் ஆயுள் முழுக்க இதை விடாமல் செய்கிறார்கள்.

இப்படிச் சேர்ந்து பறப்பதைத்தான் ஃபார்மேஷன் ஸ்கைடைவிங் என்கிறோம். பழைய ஆட்கள் இன்னும் ‘ரிலேட்டிவ் வொர்க்’ என்றே சொல்வார்கள். மாணவர் பயிற்சியை முடித்தவர்களையும் முடிக்கப் போகிறவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: சேரக் கற்பதற்கு முன்னால் பிரியக் கற்றுக்கொள்ளுங்கள். ஒருவரை ஒருவர் பிடிக்கத் தவறினால் நஷ்டம் ஒரு ஜம்ப் மட்டுமே, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம். சரியாகப் பிரியத் தவறினால் அப்படி ஆறுதல் சொல்லிக்கொள்ள முடியாது.

இந்த விதிகள் எங்கிருந்து வந்தன

1950களின் கடைசியில், ஒருவர் கையிலிருக்கும் குச்சியை வானிலேயே இன்னொருவரிடம் கொடுப்பதே பெரிய சாதனை. 1965இல் கலிஃபோர்னியாவில் 8 பேர் கைகோத்து ஒரு வட்டம் அமைத்தார்கள். அதற்கு ‘ஸ்டார்’ என்று பெயர். அப்போது முதுகில் இருந்தது வட்டமான பாராசூட், நெஞ்சில் ரிசர்வ், அதாவது முதன்மைப் பாராசூட் தவறினால் திறக்கும் மாற்றுப் பாராசூட். சொல்லிக்கொடுக்க யாருமில்லை, ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றுக்கொண்டார்கள். அந்த ஆரம்பகால ஸ்டார்களை ஒருங்கிணைத்துப் படமெடுத்தவர் பாப் புக்கோர். 1966இல் ஒரு திரைப்படத்துக்காகக் குதித்தபோது கடலில் விழுந்து மூழ்கி இறந்தார். 8 பேரோ அதற்கு மேலோ சேர்ந்த ஃபார்மேஷனில் இடம்பிடித்தவர்களுக்குத் தரப்படும் ‘ஸ்டார் கிரெஸ்ட்’ அங்கீகாரம் அவர் நினைவாக ஏற்பட்டது.

அடுத்த ஆண்டு நடந்ததை ஒவ்வொரு புதியவரும் தெரிந்துகொள்ள வேண்டும். 1967 ஆகஸ்ட் 27, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம். பழைய பி-25 குண்டுவீச்சு விமானம் ஒன்றிலிருந்து 18 பேர், தரையை மறைத்திருந்த மேகத்துக்கு மேலே குதித்தார்கள். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் ரேடாரில் வேறொரு சிறு விமானத்தை இவர்களுடையது என்று தவறாக எடுத்துக்கொண்டு இடத்தைச் சொல்லியிருந்தார். மேகத்தைத் தாண்டி வெளியே வந்தபோது கீழே இருந்தது ஈரி ஏரி. 16 பேர் மூழ்கி இறந்தார்கள். பாராசூட்டுகள் நன்றாகத்தான் திறந்தன. தவறு நடந்தது கதவிலேயே. கீழே என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்க்காமல் குதிக்காதே என்று எந்த ட்ராப் ஸோனிலும் (பாராசூட்டில் குதித்து இறங்கும் மைதானம்) பல்லவி மாதிரி சொல்வதைக் கேட்பீர்கள். அதன் பின்னால் இந்த 16 பேர் இருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு வளர்ச்சி வேகமாக நடந்தது. இந்தப் பிரிவின் முதல் உலகச் சாம்பியன்ஷிப் 1975இல் மேற்கு ஜெர்மனியின் வாரண்டார்ஃப் நகரில் நடந்தது. 2006 பிப்ரவரி 8 அன்று தாய்லாந்தின் உடோன் தானியில் 400 பேர் ஒரே ஃபார்மேஷனாக 4.25 வினாடிகள் இணைந்திருந்தார்கள். 5 ஹெர்குலிஸ் விமானங்கள், 25,000 அடிக்கு மேலான உயரம், அத்தனை பேருக்கும் ஆக்ஸிஜன். அந்தப் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்க முடியாது. அது மலர்போல் விரிவதைப் பார்ப்பவர்கள், அதே 400 பேரும் ஒருவர் மேல் ஒருவர் மோதாமல் பிரிந்து 400 பாராசூட்டுகளைத் திறந்தார்கள் என்பதை யோசிப்பதில்லை. எனக்கு அதுதான் பெரிய வியப்பு.

முதல் படி: தனியாகப் பறப்பது உறுதிப்படட்டும்

அமெரிக்க பாராசூட் சங்கத்தின் ‘ஏ’ உரிமத்துக்குக் குறைந்தது 25 ஜம்ப் வேண்டும். பிரிட்டனில் குழுவாக, வயிறு தரையை நோக்கியபடி பறக்க எஃப்எஸ்1 என்ற தனித் தகுதி உண்டு. நாட்டுக்கு நாடு விதி மாறும். உங்கள் ட்ராப் ஸோனின் தலைமைப் பயிற்றுநரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உரிமம் கிடைத்ததும் நண்பர்கள் ‘வா, சேர்ந்து குதிக்கலாம்’ என்று கூப்பிடுவார்கள். அதற்கு முன் உங்களையே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். உயரம் காட்டும் ஆல்டிமீட்டரைப் பார்க்காமலேயே உயரத்தை ஓரளவு சரியாக ஊகிக்க முடிகிறதா? ஒரே திசையில் நேராக, தட்டையாக ட்ராக் செய்ய, அதாவது காற்றில் வழுக்கி விலகிச் செல்ல முடிகிறதா? பாராசூட் திறந்தபின், சொன்ன இடத்தில், சொன்ன திசையில் தரையிறங்க முடிகிறதா? மூன்றில் எதற்காவது பதில் ‘இல்லை’ என்றால் இன்னும் சில ஜம்ப் தனியாகச் செய்யுங்கள்.

இரண்டாம் படி: டனல்

செங்குத்துக் காற்றுச் சுரங்கம் இன்று இந்த விளையாட்டையே மாற்றிவிட்டது. அங்கே 2 நிமிடம் பறந்தால், நேரக் கணக்கில் இரண்டு ஜம்ப்பின் ஃப்ரீஃபாலுக்கு, அதாவது பாராசூட் திறக்கும்வரை விழும் நேரத்துக்குச் சமம். அதுவும் பயிற்றுநர் பக்கத்தில் நின்று கையைத் திருத்திக்கொண்டே இருப்பார். முன்னே, பின்னே, பக்கவாட்டில் நகர்வது, இருந்த இடத்திலேயே திரும்புவது, ஏறுவது, இறங்குவது எல்லாவற்றையும் அங்கேயே பழகிக்கொள்ளலாம். பணம் இருந்தால் முதலில் இதற்குச் செலவழியுங்கள் என்பேன்.

ஆனால் டனலில் உயரம் குறைவதில்லை, நேரம் முடிந்தால் கதவு வழியாக வெளியே வந்துவிடலாம், பிரிந்து ஓட வேண்டியதும் இல்லை. டனலில் அழகாகப் பறந்துவிட்டு, வானில் 40 ஜம்ப் மட்டுமே செய்திருப்பவரைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். கை கால் சொன்னபடி கேட்கும். உயர உணர்வு மட்டும் இன்னும் வந்திருக்காது. அவர் பறப்பதைப் பார்த்து மற்றவர்கள் அவரைப் பெரிய குழுவில் சேர்த்துவிடுவார்கள்.

மூன்றாம் படி: சாதனம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கை, காலில் பிடிமானப் பட்டைகள் தைத்த ஜம்ப்சூட் வேண்டும். எடை குறைந்தவர்கள் மற்றவர்களுடன் சேர்ந்து விழ, எடை வைத்த பெல்ட் அணிவதுண்டு. கடினமான ஹெல்மெட் அவசியம், சக பறப்பாளியின் முழங்கால் முகத்தில் படுவது அரிதல்ல. மணிக்கட்டில் ஒரு ஆல்டிமீட்டர், காதருகே ஒலிக்கும் இன்னொன்று. ஒலிப்பது துணைக்குத்தான். அதை நம்பிக் கண்ணால் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள்.

ஏஏடி என்கிற தானியங்கித் திறப்பான் இல்லாமல் குழுவோடு குதிக்க வேண்டாம். 1991இல் ஜெர்மனியின் ஹெல்முட் க்ளோத் கொண்டுவந்த சைப்ரஸ் கருவிதான் இதை எல்லோருக்கும் நம்பகமானதாக ஆக்கியது. அதன் வழக்கமான வகை, ஏறத்தாழ 750 அடியில் நீங்கள் இன்னும் ஃப்ரீஃபால் வேகத்தில் இருந்தால் ரிசர்வைத் திறந்துவிடும். அந்த உயரத்திலிருந்து தரைக்கு 4 வினாடிதான். குழுவில் மோதி ஒருவர் மயங்கிவிட்டால் அவர் உயிருக்கு அந்த 4 வினாடிதான் மிச்சம். கேமரா பற்றியும் கேட்பீர்கள். 200 ஜம்ப் முடியும்வரை ஹெல்மெட்டில் கேமரா மாட்டாதீர்கள்.

நான்காம் படி: தரையில் ஒத்திகை

முதல் ஜம்ப் ஒரு பயிற்றுநருடன் இரண்டே பேராக இருக்கட்டும். விமானத்தில் ஏறுவதற்கு முன் ‘டர்ட் டைவ்’ செய்வீர்கள். அதாவது வானில் செய்யப் போவதையெல்லாம் தரையில் நின்று, நடந்து, குனிந்து செய்து பார்ப்பது. சக்கரம் வைத்த பலகையில் வயிற்றைக் கிடத்தி உருண்டும் பழகுவார்கள். வேடிக்கை பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும், நீங்கள் வெட்கப்படாதீர்கள். மேலே போனபின் யோசிக்க நேரம் கிடையாது. இங்கே உடம்புக்குள் போனதுதான் அங்கே வெளியே வரும்.

ஒத்திகையில் எல்லோரும் கை கோக்கும் வடிவங்களைத் திரும்பத் திரும்பச் செய்வார்கள், பிரிவதை மட்டும் ‘அப்புறம் 5,000 அடியில் பிரேக்-ஆஃப்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். விடாதீர்கள். எந்த உயரத்தில் பிரிகிறோம், யார் சைகை காட்டுவார், நான் எந்தப் பக்கம் திரும்பி ஓடுவேன், பாராசூட்டைத் திறக்க எந்த உயரத்தில் இழுப்பேன், நான் போய்ச் சேரவே இல்லை என்றால் என்ன செய்வேன் என்பதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லி, திரும்பி, நடந்து காட்டுங்கள்.

ஐந்தாம் படி: வெளியேறுவது

வெளியேறும் முன் கதவிலிருந்து கீழே பாருங்கள். ஓடுபாதை தெரிகிறதா, மேகம் இருக்கிறதா, கீழே வேறு விமானம் போகிறதா? முன்னால் குதித்த குழுவுக்கும் உங்களுக்கும் இடையே போதிய இடைவெளி விடுங்கள். எத்தனை வினாடி என்பது அன்றைய காற்றையும் விமானத்தின் தரைவேகத்தையும் பொறுத்தது. விமானத்தில் ஏறும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணிக்கைக்கு எல்லோரும் ஒரே தாளத்தில் அசைய வேண்டும். விமானத்தை விட்ட முதல் வினாடிகளில் காற்று கீழிருந்து வராது, விமானம் போகும் திசையிலிருந்து வரும். நெஞ்சை அந்தப் பக்கம் காட்டி, வளைந்து, காத்திருங்கள். புதியவர்கள் வெளியே வந்ததும் கீழே பார்த்து நெஞ்சைத் திருப்பிவிடுவார்கள், உடனே குப்புறப் புரள்வார்கள். புரண்டாலும் பரவாயில்லை. வளைந்து நிதானமடைந்து, நண்பர் எங்கே என்று தேடுங்கள்.

ஆறாம் படி: நெருங்குவதும் பிடிப்பதும்

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் தடுக்கி விழுவது இங்கேதான்.

முதலில் உயரத்தைச் சமன் செய்யுங்கள், அப்புறம் தூரத்தைக் குறையுங்கள். நண்பரின் முதுகு தெரிந்தால் நீங்கள் மேலே இருக்கிறீர்கள், வயிறு தெரிந்தால் கீழே. இடுப்பை முன்தள்ளி நன்றாக வளைந்தால் வேகமாக இறங்குவீர்கள். உடலைத் தட்டையாக்கி, நெஞ்சைச் சற்றுக் குழித்து, கை கால்களை அகட்டினால் மெதுவாவீர்கள். கண் போகும் இடத்துக்கு உடம்பு போகும், ஆகவே தரையைப் பார்க்காமல் அவர் கண்ணையே பாருங்கள். ஒரு ஆள் நீள தூரத்தில் நின்று நிதானித்து, பிறகு மெல்ல உள்ளே போங்கள். பிடியைத் தொட்டால் போதும், இழுக்காதீர்கள். இழுத்தால் முழு ஃபார்மேஷனும் ஆடும்.

மேலிருந்து பாய்ந்து பிடிக்கலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். 190 கிலோமீட்டர் வேகம் இருவருக்கும் பொது, அது யாரையும் காயப்படுத்தாது. இருவருக்கும் இடையே உள்ள வேக வித்தியாசம்தான் எலும்பை உடைக்கும். இன்னொரு ஆபத்து, ஒருவர் முதுகுக்கு நேர்மேலே காற்று கலைந்து கிடக்கும் பகுதி. அதற்குள் போனவர், தாங்க ஒன்றுமில்லாமல் சட்டென்று கீழே இருப்பவர் மேலேயே விழுவார். ஆகவே யாருக்கும் நேர்மேலே போகாதீர்கள், யாருக்கும் நேர்கீழேயும் இருக்காதீர்கள். மேலே இருப்பவரின் பாராசூட் தவறித் திறந்தால் அவர் விலகிப் போய்விடுவார். கீழே இருப்பவருடையது திறந்தால், மேலே இருப்பவர் அதன் மீது முழு வேகத்தில் விழுவார்.

ஆரம்ப நாட்களில் நான்கு பேர் ஜம்ப் ஒன்றில் நான் மற்றவர்களை விடக் கீழே போய்விட்டேன். எப்படியாவது மேலே ஏறிவிட வேண்டும் என்று கை காலை அகட்டிக்கொண்டு, அந்த மூவரையும் அண்ணாந்து பார்த்தபடியே இருந்தேன். கையில் இருந்த ஆல்டிமீட்டர் நினைவுக்கே வரவில்லை. காதில் ஒலி கேட்டபோதுதான் பிரிய வேண்டிய உயரம் வந்துவிட்டது தெரிந்தது. அதைவிட மோசம், நான் அவர்களுக்கு ஏறக்குறைய நேர்கீழே இருந்தேன். அன்று எதுவும் நடக்கவில்லை. ஆனால் கீழே போய்விட்டால் என்ன செய்வது என்று ஒத்திகையில் நாங்கள் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை என்பது தரைக்கு வந்ததும் உறைத்தது. விடை எளிது: பக்கவாட்டில் விலகி, எல்லோரும் தெரிகிற இடத்தில் இருந்துகொண்டு, உடலை அகட்டி முயற்சி செய்யுங்கள். ஏற முடிந்தாலும் முடியாவிட்டாலும், குறித்த உயரத்தில் எல்லோரையும் போலவே நீங்களும் பிரிந்து விலகுங்கள்.

ஏழாம் படி: பிரிவது

அமெரிக்க பாராசூட் சங்கத்தின் பரிந்துரை: 5 பேர் வரை உள்ள குழு, குழுவில் யார் மிக உயரத்தில் பாராசூட்டைத் திறக்கப் போகிறாரோ அந்த உயரத்துக்குக் குறைந்தது 1,500 அடி மேலேயே பிரிய வேண்டும். 6 பேரும் அதற்கு மேலும் என்றால் 2,000 அடி. 3,500 அடியில் திறப்பதாக இருந்தால் 5,000 அடியில் பிரிய வேண்டும். புதியவர் குழுவில் இருந்தால் நான் இன்னும் 500 அடி கூட்டிக்கொள்வேன்.

1,500 அடி என்பது எட்டு வினாடி சொச்சம். சைகை கண்டு திரும்ப ஒன்றிரண்டு வினாடி, கடைசியில் கையசைக்க இரண்டு வினாடி போனால், விலகி ஓட நாலைந்து வினாடிதான் மிச்சம். அதனால்தான் ‘இன்னும் ஒரே ஒரு வடிவம்’ என்று யாரும் இழுத்தடிக்கக் கூடாது. சைகை வந்தால் பிடியை விடுங்கள். சைகை வராமல் உயரம் மட்டும் வந்திருந்தாலும் விடுங்கள், நீங்களே சைகை காட்டுங்கள். அனுபவசாலி இருக்கிறாரே என்று காத்திருக்க வேண்டாம்.

விட்டதும் நடுவுக்கு முதுகைக் காட்டும்படி 180 டிகிரி திரும்புங்கள். கைகளைப் பின்னால் கொண்டுவந்து, கால்களை நீட்டி, தட்டையாக ட்ராக் செய்யுங்கள். தலையைக் கீழே சாய்த்தால் வேகம் கூடும், விலகும் தூரம் கூடாது, உயரம்தான் கரையும். போகும்போதே முன்னாலும் கீழேயும் இருபுறமும் பாருங்கள். உங்கள் பாதையில் ஒருவர் இருந்தால் இருவருக்கும் இடைவெளி கிடைக்கும்படி திசையைச் சற்றே மாற்றுங்கள். பிறகு நின்று, இரு கைகளையும் தலைக்கு மேல் நன்றாக அசையுங்கள், மேலே இருப்பவருக்கு நீங்கள் இழுக்கப் போவது தெரியட்டும். குறித்த உயரத்தில் இழுங்கள், உயரமாகவும் வேண்டாம், தாழ்வாகவும் வேண்டாம்.

பெரிய குழுக்களில் வெளி வளையத்தில் இருப்பவர்கள் முதலில், அதிக உயரத்தில் பிரிவார்கள், உள்ளே இருப்பவர்கள் அலையலையாகப் பின்னால். இதெல்லாம் உங்களுக்கு இப்போது தேவைப்படாது.

எட்டாம் படி: பாராசூட்டின் கீழ்

திறந்ததும் கையைப் பின் ரைசர்களில், அதாவது தோளிலிருந்து பாராசூட்டுக்குப் போகும் பட்டைகளில் வையுங்கள். பாராசூட் திரும்பித் திறந்து ஒருவர் எதிரே வந்தால், பாராசூட்டைத் திருப்பும் பிரேக் கயிறுகளை அவிழ்க்க நேரமிருக்காது. பின் வலது ரைசரை இழுத்து வலப்பக்கம் திரும்புங்கள், எதிரே வருபவரும் வலப்பக்கம்தான் திரும்புவார். பிறகு எண்ணிப் பாருங்கள்: எத்தனை பேர் குதித்தோம், எத்தனை பாராசூட் தெரிகிறது?

சேர்ந்து குதித்தவர்கள் ஏறத்தாழ ஒரே உயரத்தில் திறப்பதால், ஒரே நேரத்தில் ஒரே மைதானத்துக்கு வந்து சேர்வார்கள். தாழ்வாக இருப்பவருக்கு வழி விடுங்கள். எல்லோரும் எதிர்பார்க்கிற பாதையில் மட்டும் இறங்குங்கள், கடைசி நேரத்தில் தாழ்வாகத் திரும்பாதீர்கள். இன்றைய உயிரிழப்புகளில் பெரும் பங்கு, பாராசூட் நன்றாகத் திறந்தபின் நடப்பவை. ஃப்ரீஃபாலில் பிடிபட்ட வடிவங்களை மனத்தில் ஓட்டிப் பார்ப்பதைத் தரைக்கு வந்தபின் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றைய ஆபத்து எவ்வளவு

அமெரிக்க பாராசூட் சங்கத்தின் கணக்குப்படி 1970களில் அந்நாட்டில் ஆண்டுக்குச் சராசரியாக 42.5 பேர் இறந்தார்கள். 2023இல் 10 பேர், அதுவும் சுமார் 36.5 லட்சம் ஜம்ப்புகளில். சாதனங்களும் பயிற்சியும் செய்த வேலை இது. வானம் அப்போது இருந்தபடியேதான் இருக்கிறது. குழுவில் குதிக்கும்போது உங்கள் உயிர் உங்கள் கையில் மட்டும் இல்லை என்பதும் மாறவில்லை. ஆகவே யாருடன் குதிக்கிறீர்கள் என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. திட்டத்தை விமானத்துக்குள் மாற்றினால், கடைசி நிமிடத்தில் தெரியாத இருவர் சேர்ந்துகொண்டால், உடம்பு சரியில்லை என்றால், ‘நான் இந்த முறை வரவில்லை’ என்று சொல்லிவிடுங்கள். விமானத்திலேயே உட்கார்ந்து தரைக்குத் திரும்பலாம். அப்படித் திரும்பி வந்தவரை நான் மதிக்கிறேன்.

அடுத்து எங்கே

இருவர் ஜம்ப்பில் சொன்னதைச் செய்ய முடிகிறது என்றானதும் மூவர், பிறகு நால்வர். நால்வர் போட்டி எனக்கு இந்த விளையாட்டின் இதயம் மாதிரி. 10,500 அடியிலிருந்து குதித்து 35 வினாடிகளுக்குள் குறித்த வடிவங்களை வரிசையாக, திரும்பத் திரும்ப அமைக்க வேண்டும். ‘ஐ’ தவிர்த்து ‘ஏ’ முதல் ‘க்யூ’ வரை எழுத்திட்ட 16 வடிவங்கள், எண்ணிட்ட 22 தொடர்கள். ஸ்டார், டோனட், சைட்பாடி என்று அவற்றுக்குப் பெயர்கள். ஐந்தாவதாக ஒருவர் மேலிருந்து படமெடுப்பார், அந்தப் படத்தைப் பார்த்துத்தான் நடுவர்கள் மதிப்பெண் போடுவார்கள். உலகின் சிறந்த அணிகள் ஒரு ஜம்ப்புக்குச் சராசரியாக 20 வடிவங்களுக்கு மேல் எடுக்கின்றன. உங்கள் முதல் நால்வர் ஜம்ப்பில் இரண்டு வந்தாலே மைதானத்தில் துள்ளிக் குதிப்பீர்கள், நியாயமான மகிழ்ச்சிதான் அது.

தரைக்கு வந்ததும் பாராசூட்டை மடிப்பதற்கு முன் படத்தைப் போட்டுப் பாருங்கள். பிடித்த வடிவங்களை எல்லோரும் எண்ணுவார்கள். நீங்கள் படத்தைக் கடைசிவரை ஓடவிடுங்கள். பிறகு, ஜம்ப்புகளைக் குறித்துவைக்கும் லாக் புத்தகத்தில் வடிவங்களுக்குக் கீழே மூன்று வரி சேருங்கள்: எந்த உயரத்தில் பிரிந்தேன், எந்த உயரத்தில் இழுத்தேன், இழுக்கும்போது எனக்கு இடப்பக்கம் யார், வலப்பக்கம் யார். மூன்றாவது வரியை எழுத முடியவில்லை என்றால், அடுத்த ஜம்ப்பையும் அதே குழுவோடு, அதே திட்டத்தோடு செய்யுங்கள்.